‘தியூஸ்’: வழக்கம் எப்படித் தசையானது?

ஜூன் 11, வந்த கேள்வி

“பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் காசியஸ் பேசும் இடத்தில் ‘தியூஸ்’ (thews) என்று ஒரு சொல் வருகிறது. நோட்ஸில் ‘தசை’ என்று போட்டிருக்கிறார்கள். பழைய ஆங்கில அகராதியில் தேடினால் அதே சொல்லுக்கு ‘வழக்கம்’ என்று இருக்கிறது. வழக்கத்துக்கும் தசைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்று, அகராதி தப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இவை இரண்டு வேறு சொற்கள், உச்சரிப்பு மட்டும் ஒத்துப்போயிருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.”

ஜூன் 11, இரவு 10.40

ஒரே சொல்தான் தம்பி. அகராதியிலும் தப்பில்லை, நோட்ஸிலும் தப்பில்லை. இரண்டுக்கும் நடுவே பல நூறு வருஷம் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘தேயாவ்’. முதலில் வரும் எழுத்து இன்றைய ஆங்கில நெடுங்கணக்கில் கிடையாது. அதற்கு ‘தோர்ன்’, அதாவது முள், என்று பெயர். நெட்டுக்கோடு ஒன்று, அதன் நடுவில் ஒட்டிய அரைவட்டம் ஒன்று. அந்தக் காலத்தில் சொல்லின் பொருள் தெளிவானது: ஒரு கூட்டம் வழிவழியாகச் செய்துவருவது, ஒரு ஆள் வழக்கமாக நடந்துகொள்ளும் விதம். தசை அப்போது அந்தச் சொல்லின் பக்கத்திலேயே இல்லை.

வழக்கம் முதலில் நல்ல குணமாயிற்று. நல்ல குணம் பிறகு உடல் வலுவாயிற்று. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 12

பழைய ஆங்கிலத்தில் உள்ள ‘பேயோவுல்ஃப்’ காவியத்திலிருந்து தொடங்குவதுதான் நல்லது. 3182 அடிகள். இருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் படி, ஏறக்குறைய கி.பி. 1000-த்தை ஒட்டி எழுதப்பட்டது. 1731-ல் லண்டனில் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகை தீப்பிடித்தபோது ஓரங்கள் கருகின, ஆனாலும் தப்பியது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தேயாவ் அதில் சில இடங்களில்தான் வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் அதற்கு ஒரு தனி முகம்.

அரக்கன் கிரெண்டல் ஒவ்வோர் இரவும் வந்து ஆட்களைத் தின்கிறான். என்ன செய்வதென்று தெரியாத டேனியர்கள் தங்கள் பழைய கோயில்களில் நேர்ந்துகொள்கிறார்கள். கவிஞர் கிறிஸ்தவர். ‘அதுதான் அவர்கள் தேயாவ்’ என்கிறார். கண்டிக்கிறார், கூடவே இரக்கமும் படுகிறார்.

இன்னொரு இடம், எனக்கு ரொம்பப் பிடித்தது. கடல் கடந்து வந்த காவிய நாயகன் பேயோவுல்ஃப் ஆட்களோடு அரண்மனை வாசலில் நிற்கிறான். வுல்ஃப்கார் என்ற அதிகாரி செய்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறான். நேராகப் போய் அரசனின் தோள்களுக்கு முன்னே நிற்கிறான். அடுத்து கவிஞர் சொல்வது அரை அடி: ‘அவையோரின் தேயாவ் அவனுக்குத் தெரியும்.’ எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு கிட்டே போகலாம், எப்போது வாய் திறக்கலாம் எல்லாம் அதில் அடக்கம். இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டால் நான் அகராதியைக் காட்ட மாட்டேன், அந்தத் தோள்களுக்கு முன்னால் நிற்கும் ஆளைக் காட்டுவேன்.

மூன்றாவது, கிரெண்டல் ஒழிந்த இரவு. விருந்து முடிந்து வீரர்கள் கூடத்திலேயே படுக்கிறார்கள். தலைமாட்டில் கேடயம். மேலே பெஞ்சின்மீது அவரவர் தலைக்கவசம், வளையம் கோத்த சட்டை, ஈட்டி. ‘எப்போதும் போருக்குத் தயாராக இருப்பது அவர்கள் தேயாவ்.’ அன்றிரவுதான் கிரெண்டலின் தாய் வருகிறாள்.

தன்னை நிமிர்ந்து பார்த்த ஆண்களையெல்லாம் கொல்லச் சொன்ன ஒரு அரசியைப் பற்றி, ‘எவ்வளவு அழகியானாலும் இது அரசிக்குரிய தேயாவ் இல்லை’ என்கிறது காவியம். இங்கே சொல் கொஞ்சம் நகர்ந்துவிட்டது பாருங்கள். என்ன நடக்கிறது என்பதிலிருந்து என்ன நடக்கலாம் என்பதற்கு வந்துவிட்டோம்.

அரசி வெயால்தேயோவின் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. விருந்தில் முறை தவறாமல் கோப்பை ஏந்தி வருபவள் அவள். பொருத்தமான பெயர்.

ஜூன் 12, இரவு

மேலே கடைசிப் பத்தி தவறு. சாயங்காலம் ஒரு வாசகர் எழுதியிருந்தார், சரியாகத்தான் சொல்கிறார். அழிக்காமல் விட்டிருக்கிறேன். இதே தவறை இன்னும் பலர் செய்வார்கள், அவர்கள் பார்க்கட்டும்.

தேயாவ் வேறு, தேயோவ் வேறு. முதலாவது வழக்கம். இரண்டாவது அடிமை. நடுவில் ஒரே ஒரு உயிரொலிதான் வித்தியாசம். அரசியின் பெயரில் இருப்பது இரண்டாவது. ‘வெயால்’ என்றால் அந்நியர், வேல்ஸ் நாட்டவர். ஆக ‘அந்நிய அடிமை’ என்பது பெயரின் நேர்ப்பொருள். டேனியர்களின் பட்டத்தரசிக்கு அப்படி ஒரு பெயர். போரில் பிடித்து வரப்பட்ட குலமா, சமாதானத்துக்காகக் கட்டிக்கொடுக்கப்பட்டவளா என்று அறிஞர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

ஆனால் நான் ஏமாந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவள் அவைக்குள் நுழையும் அடியில் கவிஞர் அவளை ‘முறைமைகளை நினைவில் வைத்தவள்’ என்கிறார். பொன்னணி பூண்டு வந்து அவையோரை வணங்குகிறாள். முதல் கோப்பையைக் கணவனான அரசனிடம் கொடுக்கிறாள். பிறகு மூத்தவர், இளையவர் என்று ஒவ்வொரு பகுதியாகச் சுற்றி வருகிறாள். பேயோவுல்ஃபிடம் வரும்போது கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே கொடுக்கிறாள். முழுக்க முழுக்க வழக்கத்தின் காட்சி. ஆனால் அங்கே முறைமைக்குக் கவிஞர் எடுத்த சொல் தேயாவ் இல்லை, ‘கின்’ என்ற வேறு சொல். காட்சியில் தேயாவ் தெரிந்ததால் அதைப் பெயரிலும் நான் படித்துவிட்டேன். மூலத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். இனி அப்படித்தான்.

ஜூன் 14

காவியம் மட்டும் போதாது. அரசன் அவையில் எங்கே நிற்பது என்பது ஒரு வழக்கம் என்றால், மாடு மேய்ப்பவனுக்குக் கோடையில் என்ன கிடைக்கும் என்பதும் வழக்கம்தான். தேயாவ் என்ற சொல் அங்கேயும் இருந்தது.

சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பண்ணை ஏடு இருக்கிறது. உடல் பழைய ஆங்கிலம், இன்று வழங்கும் தலைப்பு லத்தீன்: ‘ரெக்டிட்யூடினெஸ் சிங்குலாரும் பெர்சனாரும்’, அதாவது ஆளாளுக்கு உரிய உரிமைகளும் கடமைகளும். ஒரு பெரிய பண்ணையில் யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும், பதிலுக்கு என்ன பெறுவார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது.

ஆட்டிடையனை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்குளிர்காலத்தில் பன்னிரண்டு இரவுகள் கிடையின் எரு அவனுக்கு. அந்த வருஷத்துக் குட்டிகளில் ஒன்று. மணி கட்டிய முன்னோடி ஆட்டின் கம்பளி. பகலும் இரவும் சமமாகும் நாளுக்குப் பிறகு ஏழு இரவு மந்தையின் பால். கோடை முழுக்க ஒரு கிண்ணம் மோரோ பாலடை பிரிந்த தண்ணீரோ. எவ்வளவு நுணுக்கம் பாருங்கள், எந்த ஆட்டின் கம்பளி என்பதுவரை தீர்ந்திருக்கிறது.

அடிமைப் பெண்ணுக்கும் அளவு உண்டு: சாப்பாட்டுக்கு எட்டு பவுண்டு தானியம், குளிர்காலத்துக்கு ஒரு ஆடு அல்லது மூன்று பென்னி, நோன்புக் காலத்துக்கு ஒரு படி மொச்சை. அங்கே ‘அடிமை’ என்பதற்கு வரும் சொல், நேற்று முன்தினம் நான் குழப்பிக்கொண்ட அதே தேயோவ். ஒரே ஏட்டில் தேயோவும் இருக்கிறாள், அவளுக்கு இவ்வளவு என்று அளந்து தரும் தேயாவும் இருக்கிறது. வழக்கம் அவளை அடிமையாகவும் வைத்தது, அந்த மூன்று பென்னிக்கும் பொறுப்பேற்றது. வழக்கம் என்றாலே நல்லது என்று நினைப்பவர்களும், வழக்கம் என்றாலே கேடு என்று நினைப்பவர்களும் இந்த ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டும்.

அந்த ஏட்டில் ஒரு எச்சரிக்கை வருகிறது. பொறுப்பில் இருப்பவன், அந்த நிலத்தின் பழைய ஏற்பாடு என்ன, ‘மக்களின் தேயாவ்’ என்ன என்று எப்போதும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று. ஒரு இடத்து வழக்கத்தை இன்னொரு இடத்தில் திணிக்காதே என்பதுதான் அதன் உள்ளே இருப்பது. நிலத்துக்கு நிலம் சட்டம் வேறு என்று இரண்டு தடவை சொல்கிறார் அதை எழுதியவர்.

கடைசியில் அவர் விருந்துகளையும் கொசுறுகளையும் பட்டியல் போடுகிறார்: குளிர்கால விருந்து, ஈஸ்டர் விருந்து, அறுவடைக்கு உதவி வந்தவர்களுக்கு ஒரு விருந்து, உழவுக்கு ஒரு குடி விருந்து, புல் அறுத்ததற்குப் பரிசு, கதிர்ப்போர் போட்ட அன்று சாப்பாடு, விறகு வண்டி ஓட்டினால் வண்டிக்கு ஒரு கட்டை, கதிர் சுமந்தால் போரின் உச்சிக் கட்டு. பிறகு, ‘என்னால் எண்ணிச் சொல்ல முடியாத இன்னும் பல’ என்று விட்டுவிடுகிறார். யார் என்று பெயர்கூடத் தெரியாத அந்தக் கணக்கு மனுஷர்மேல் எனக்கு ஒரு பாசம். சொல்லி முடியாது என்று தெரிந்தும் வண்டிக் கட்டைவரை எழுதிவைத்தாரே.

ஜூன் 14, மாலை

நேரே கேட்ட ஒரு கேள்வி: இது எந்த வேரிலிருந்து வந்தது?

ஜெர்மனிக் மொழிகளில் மேற்குக் கிளையில்தான் இதற்கு உறவு தெரிகிறது. பழைய சாக்ஸனில் ‘தௌ’ என்று இருந்தது, அதற்கும் வழக்கம் என்றே பொருள். அதற்குமேல் போவது ஊகம். லத்தீனில் ‘பார்த்துக்கொள், கவனித்துக் கா’ என்று பொருள்படும் ஒரு வினை இருக்கிறது, அதனோடு சேர்க்கிறார்கள் சிலர். அந்த லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான் டியூட்டர், டியூஷன். அந்த ஊகம் சரி என்றால் நம் தெருவுக்குத் தெரு போர்டு வைத்திருக்கும் டியூஷனும் காசியஸின் தியூஸும் தூரத்துப் பங்காளிகள். ஆங்கிலத்தில் இன்றும் வழக்கத்தை ‘அனுசரிப்பது’ என்பதற்கும் கவனித்துப் பார்ப்பது என்பதற்கும் ஒரே வினைதான் இருக்கிறது என்பதால் எனக்கு இந்த ஊகம் பிடிக்கும். பிடிக்கும் என்பது சான்று ஆகாது.

ஜூன் 15

‘அப்படியென்றால் கஸ்டம் என்ற சொல் எங்கிருந்து வந்தது, தேயாவ் ஏன் போனது?’

1066-ல் நார்மன்கள் வந்ததும் நீதிமன்றத்திலும் அவையிலும் பிரெஞ்சு ஏறிவிட்டது. ‘கஸ்டம்’ பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். சுமார் 1200-லிருந்து ஆங்கிலத்தில் புழங்குகிறது. வழக்கமாகக் கட்டும் வரி என்பதால் துறைமுகத்தில் ‘கஸ்டம்ஸ்’ ஆயிற்று. வழக்கமாக வந்து வாங்குபவர் ‘கஸ்டமர்’. அதே லத்தீன் சொல் இத்தாலிய மொழிக்குள் போய், பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டில் இன்னொரு தடவை ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இந்தத் தடவை உடை மாற்றிக்கொண்டு ‘காஸ்ட்யூம்’. வழக்கம் வரியாகவும் வாடிக்கையாளராகவும் வேஷமாகவும் மாற முடியுமென்றால், தசையாவதைக் கண்டு ரொம்ப அதிர வேண்டாம்.

தேயாவ் மட்டும் தனியாகப் பாதிக்கப்படவில்லை. ‘சிடு’ என்று இன்னொரு பழைய சொல் இருந்தது. ஜெர்மனில் ‘ஸிட்டெ’ என்று இன்றும் உயிரோடிருப்பதன் உடன்பிறப்பு. அரசர் ஆல்ஃபிரட் 890-ஐ ஒட்டி, போப் கிரிகோரியின் நூலை மொழிபெயர்த்து எழுதிய முன்னுரையில், முன்பிருந்த அரசர்கள் நாட்டுக்குள் ‘அமைதியையும் சிடுவையும் அதிகாரத்தையும்’ காத்தார்கள் என்று ஏங்குகிறார். வைக்கிங் தாக்குதலில் மடங்களும் புத்தகங்களும் எரிந்துபோயிருந்த காலம் அது. அவர் ஏங்கிய அந்தச் சொல் ஆங்கிலத்திலிருந்து முற்றாக மறைந்தே போயிற்று.

தேயாவ் மறையாமல் பிழைத்தது, இடம் மாறிக்கொண்டதால்.

ஜூன் 17

குணமாக மாறியது எப்படி.

பன்மையைக் கவனியுங்கள். ஒருமையில் ‘ஒரு வழக்கம்’. பன்மையில் ஒருவனுடைய வழக்கங்கள் எல்லாம் சேர்ந்தால் அவன் நடத்தை. பேயோவுல்ஃபிலேயே ஒரு இடத்தில் அரசன் ‘தேயாவ்களின்படி வாழ்ந்தான்’ என்று வரும். முறைப்படி நடந்தான் என்றும் நல்லவனாக இருந்தான் என்றும் அதைப் படிக்கலாம். இடைக்கால ஆங்கிலத்துக்கு வரும்போது ‘தியூஸ்’ என்றாலே நற்குணங்கள் என்ற நிலை. எதிர்ப்பதமாக ‘அன்தியூ’ என்று ஒரு சொல்லும் இருந்தது. தீய குணம்.

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாஸர் ‘கேன்டர்பரி கதைகள்’ எழுதும்போது, ஏழை வீட்டிலிருந்து அரண்மனைக்கு வந்த கிரிசெல்டாவைப் பற்றி, முன்பே நல்லவளான அவள் ‘நல்ல தியூஸில்’ இன்னும் உயர்ந்தாள் என்கிறார். 1579-ல் ஸ்பென்சரின் ‘ஷெப்பர்ட்ஸ் கேலண்டர்’ வெளிவந்தபோது, அதில் ‘நன்கு தியூ பெற்றவை’ என்று கதைகளைப் பாராட்டும் ஒரு தொடருக்குப் பக்கத்தில் உரையாசிரியர் ‘ஒழுக்க அறிவு நிறைந்தவை’ என்று குறிப்பெழுத வேண்டியிருந்தது. அப்போதே சொல் பழசாகிவிட்டது என்று அர்த்தம். ஷேக்ஸ்பியருக்கு அப்போது பதினைந்து வயது.

வழக்கம் குணமாவது ஆங்கிலத்துக்கு மட்டும் நடந்ததில்லை. லத்தீனில் வழக்கத்தைக் குறித்த சொல்லிலிருந்துதான் சிசரோ ‘மொராலிஸ்’ என்ற சொல்லை ஆக்கினார். இன்றைய ‘மாரல்’ அதுதான். அவர் மொழிபெயர்க்கப் பார்த்த கிரேக்கச் சொல்லும் வழக்கத்திலிருந்து வந்ததே. நம் ‘ஒழுக்கம்’ ஒழுகு என்ற வினையிலிருந்து வருவதைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் ஒரே தடத்தில் ஒழுகிக்கொண்டே இருந்தால் வாய்க்கால் ஆகிறது.

கிரிசெல்டா விஷயத்தில் ஒரு பின்யோசனை. அவள் கணவன் அவளைச் சோதிக்கிறேன் என்று பெற்ற பிள்ளைகளைப் பறித்து, கொன்றுவிட்டதாக நம்பவைக்கிறான். அவள் பொறுக்கிறாள். அந்தப் பொறுமையின் மேல்தான் அந்தக் கதையில் ‘தியூஸ்’ நிற்கிறது. வழக்கமும் நற்குணமும் ஒரே சொல்லாக இருப்பதன் ஆபத்து இதுதானே? சமூகம் பழக்கியதைச் செய்தால் நல்லவள் என்று பெயர். நான் இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, ‘சாஸரும் கதையின் கடைசியில் மனைவிகளை அப்படி இருக்காதீர்கள் என்றுதானே சொல்கிறார்’ என்று திருப்பிக் கேட்டாள். உண்மை. கதை முடிந்ததும் வரும் பாட்டில் வாயை மூடிக்கொள்ளாதீர்கள் என்று மனைவிகளிடம் சொல்கிறது. அந்த மாணவி அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஜூன் 18

இனி தசை. இதில் நான் பல வருஷம் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

‘தியூஸ்’ என்பது ‘தை’, அதாவது தொடை என்ற சொல்லிலிருந்து வந்தது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நானாகக் கற்பித்ததில்லை. சாமுவேல் ஜான்சன் 1755 அகராதியில், முதல் பொருளாகக் குணம், நடத்தை, வழக்கம் என்று சரியாகக் கொடுத்துவிட்டு, ஷேக்ஸ்பியரிடம் தசைப்பற்று என்று பொருள்படுவதாகத் தெரிகிறது, தொடைக்கான சாக்ஸன் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிற மாதிரி சேர்த்திருப்பார். பெரியவர் சொன்னதாயிற்றே என்று எடுத்துக்கொண்டேன். கேள்வி கேட்ட தம்பி ‘இரண்டு வேறு சொற்கள்’ என்று நினைத்தாரே, ஜான்சனும் ஏறக்குறைய அதையேதான் நினைத்திருக்கிறார். அதனால் அந்தச் சந்தேகத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நடந்தது இவ்வளவுதான்: நல்ல குணங்கள் என்ற பொருள் மெல்ல விரிந்து ஒருவனிடம் உள்ள நல்ல அம்சங்கள் என்றாயிற்று. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த அம்சங்கள் உடலுக்கும் சேர்ந்தன: நல்ல வாகு, நல்ல திடம். மனக் குணத்தைச் சொல்ல ‘வர்ச்சூ’ என்ற பிரெஞ்சுச் சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. தியூஸுக்கு மீதியிருந்த இடம் உடம்பு.

வர்ச்சூ எங்கிருந்து வந்தது தெரியுமா? லத்தீனில் ‘விர்’ என்றால் ஆண். ‘விர்டூஸ்’ என்றால் ஆண்மை, வீரம், வலு. அது ஏறி ஏறி நற்குணம் ஆயிற்று. உடம்பிலிருந்து கிளம்பிய சொல் மனசுக்கு வந்து சேர, மனசில் இருந்த சொல் இறங்கி உடம்புக்குப் போயிற்று. இதை இன்று எழுதும்போதுகூட எனக்குச் சிலிர்க்கிறது. இருபது வருஷமாக இரண்டு சொற்களையும் தனித்தனியாகத் தெரியும், பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

ஜூன் 20

முந்தாநாள் ‘இவ்வளவுதான்’ என்று எழுதியது உறுத்துகிறது. ஷேக்ஸ்பியரிடம் இந்தச் சொல் மூன்றே இடங்களில் வருகிறது. மூன்றும் 1600-ஐ ஒட்டிய சில வருஷங்களுக்குள். மூன்றையும் நேற்று ராத்திரி ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன்.

‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பாகம். ஃபால்ஸ்டாஃப் படைக்கு ஆள் எடுக்கிறான். திடமான இரண்டு பேர் பணம் கொடுத்துத் தப்பிக்கிறார்கள். நோஞ்சான்களைப் பொறுக்குகிறான். ஏன் என்று கேட்ட ஷாலோவிடம் சொல்லும் சமாதானம்: கைகால், தியூஸ், உயரம், பருமன் எல்லாம் எனக்கு எதற்கு? ஊக்கத்தைக் கொடு எனக்கு.

‘ஹாம்லெட்’. லேயர்ட்டீஸ் தங்கை ஒஃபீலியாவுக்குப் புத்தி சொல்கிறான்: வளரும் உயிர் தியூஸிலும் பருமனிலும் மட்டும் வளர்வதில்லை, இந்தக் கோயில் பெரிதாக ஆக உள்ளே மனமும் ஆன்மாவும் செய்யும் பூசையும் விரிகிறது.

‘ஜூலியஸ் சீசர்’. காசியஸ்: இன்றைய ரோமானியருக்கு முன்னோரைப் போலவே தியூஸும் கைகால்களும் உண்டு. ஆனால் நம் தந்தையரின் மனம் செத்துவிட்டது.

பார்த்தீர்களா? மூன்று இடத்திலும் தியூஸ் ஒரு தட்டில், மனமோ ஆன்மாவோ ஊக்கமோ எதிர்த்தட்டில். நூறு வருஷத்துக்கு முன்பு அந்தச் சொல் எதிர்த்தட்டில் இருந்திருக்கும். ஒரு மனிதனின் குணத்தைச் சொன்ன சொல்லை, குணமில்லாத வெறும் உடம்புக்குக் கொடுத்துவிட்டார். ஒரு தடவை என்றால் தற்செயல் எனலாம், மூன்று தடவையும் அதே தராசு.

அவருக்குப் பழைய பொருள் தெரிந்திருக்குமா என்பதுதான் என்னை விடாத கேள்வி. முந்தாநாள்வரை தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். இப்போது காசியஸின் வரியைப் படித்தால் வேறு மாதிரி கேட்கிறது. ‘முன்னோரைப் போலவே’ என்கிறானே. முன்னோரிடமிருந்து வருவது எது? வழக்கம். ரோமானியர்களே அதை ‘முன்னோர் வழக்கம்’ என்ற ஒரு தொடரால் சொன்னார்கள், அவர்கள் பொதுவாழ்வுக்கே அது அடிப்படை. முன்னோரின் தியூஸ் நம்மிடம் இருக்கிறது, ஆனால் அது தசையாக மட்டும் மிஞ்சிவிட்டது என்று அந்த வரியைக் கேட்க முடிகிறது. நிரூபிக்க முடியாது. கேட்டுவிட்ட பிறகு கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஜூன் 21

அதன் பிறகு சுருக்கமாக. சொல் ஏறக்குறைய தூங்கிப்போனது. வால்டர் ஸ்காட் எழுப்பினார். 1817-ல் வந்த ‘ராப் ராய்’ நாவலில் வழித்துணையாக வந்தவனின் ‘தியூஸும் நரம்பும்’ பார்த்தால் ஆபத்தையே எதிர்த்து நிற்பவன் போலிருந்தான் என்று வருகிறது. அந்த ஜோடி அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் பாதி நேரம் நரம்போடு சேர்த்துத்தான் பார்ப்பீர்கள்.

ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘தௌலெஸ்’ என்று ஒன்று உண்டு, தியூ இல்லாதது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூத்த வடிவத்துக்கு முறைகெட்ட என்று பொருள். ஸ்காட்லாந்தில் அது சுறுசுறுப்பில்லாத, துவண்டுபோன என்று மாறியது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், களைத்துப்போய் எழுத மாட்டேன் என்று சாக்குச் சொல்லும் தன் கவிதைத் தேவதையை ‘தௌலெஸ் கழுதை’ என்கிற தொனியில் திட்டிவிட்டு எழுத உட்காருகிறார்.

ஜூன் 21, இரவு

‘வோன்ட்’ (wont) பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அதுவும் பழைய வழக்கச் சொல்தான், வேர் வேறு. ‘வுனியன்’ என்ற வினை. குடியிரு என்றும் பழகு என்றும் இரண்டு பொருளும் உண்டு. ஜெர்மனில் குடியிருப்பதற்கு இன்றும் அதே வினை. எங்கே குடியிருக்கிறாயோ அதற்குப் பழகிவிடுகிறாய். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், இங்கே கலக்க வேண்டாம்.

ஜூன் 24

இன்று வகுப்பில் காசியஸின் வரியைத் தமிழாக்கச் சொன்னேன். நிபந்தனை ஒன்றுதான்: தசை என்று போடக்கூடாது.

‘திறம்’ என்றார்கள். ‘வாகு’ என்றார்கள். ‘திராணி’ என்றான் ஒருவன், அது எனக்கே பிடித்திருந்தது, ஆனால் அதில் வழக்கம் இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து, கிரிசெல்டா விஷயத்தில் என்னைத் திருத்திய அதே மாணவி, “கட்டு?” என்றாள். கேள்வியாகத்தான் சொன்னாள்.

நான் சாக்பீஸை வைத்துவிட்டேன். உடற்கட்டு. கட்டான உடம்பு. கட்டுப்பாடு. ஊர்க்கட்டு. ஊர் கூடி வைத்த கட்டை மீறினால் தண்டம் கட்ட வேண்டியிருந்ததை அவள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறாளாம். வழக்கமும் ஒழுங்கும் உடம்பும் மூன்றும் ஒரே எழுத்துக்கோப்பில் நம்மிடம் கிடந்திருக்கிறது. நம் சொல் போன வழி வேறு என்பது சரி: அது கயிற்றிலிருந்து, கட்டுவதிலிருந்து வருகிறது, தேயாவ் அப்படி இல்லை. வந்து சேர்ந்த இடம் ஒன்று.

போர்டில் எழுதியது இது, அவள் சொல்லச் சொல்ல:

‘முன்னோரின் கட்டும் கைகாலும்
இன்றைய ரோமானியருக்கும் உண்டு.
ஐயோ, தந்தையரின் மனம்தான் செத்துவிட்டது.’

“முன்னோரின் கட்டு என்றால் உடம்பா, ஊர்க்கட்டா என்று படிப்பவருக்குத் தெரியாதே சார்” என்றான் திராணி சொன்னவன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேள்வி கேட்ட தம்பி, பரீட்சையில் ‘தசை’ என்றே எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான்.